பாதுகாப்பான தூரத்தில் வாழ்பவன் தாயகப் போராட்டத்துக்குக் கடன்பட்டிருப்பது எது?

மாவிட்டபுரத்தான் கேட்கிறார்:

வணக்கம். மூன்று கிழமைகளாக யாழ்ப்பாணத்தில் நிற்கிறேன். வந்த நாளிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வாழ்பவர்களிடமும், என்னைப்போல் வெளியில் வாழ்பவர்களிடமும் ஒருங்கே கேட்க விரும்புகிறேன்.

நான் 1992ஆம் ஆண்டு கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, கொழும்பு வழியாகச் சுவிற்சர்லாந்துக்குப் போனவன். அந்த நாள்களில் குடாநாட்டை விட்டு வெளியேற அனுமதிச்சீட்டு வேண்டும். அதற்கு ஊரில் இருக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். எனக்குப் பிணை நின்றவர் என் பெரியப்பா. நான் திரும்பி வருவேன் என்று அவர் கையொப்பமிட்டார். நான் வரவில்லை. 1990இல், படையினர் வசமான மாவிட்டபுரத்தை விட்டு உடுத்த உடையுடன் ஓடிவந்த அவர், 2006இல் மல்லாகத்தில் இடம்பெயர்ந்தோருக்கான ஒரு நலன்புரி நிலையத்தில், தம்முடைய வீட்டிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில், அந்த வீட்டை மீண்டும் ஒருமுறை பார்க்காமலேயே கண்ணை மூடினார்.

சென்ற பௌர்ணமி நாளன்று தையிட்டிக்குப் போனேன். தனியார் காணிகளில் படையினரின் துணையுடன் எழுப்பப்பட்ட விகாரைக்கு எதிராக, காணி உரிமையாளர்களும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் 2023 முதல் பெரும்பாலும் பௌர்ணமி நாள்களில் கூடிவருகிறார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே. எனக்குப் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, ஒரு கையில் குடையும் மறுகையில் ஒரு பொலித்தீன் உறையுமாக நின்றார். உறைக்குள் அவருடைய சீதனக் காணி உறுதிப்பத்திரத்தின் பிரதி இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, கிழிந்த இடங்களில் ஒட்டப்பட்டு, எழுத்துகள் பாதி அழிந்துபோன தாள் அது. எதிர்ப்பக்கத்தில் சாதாரண உடையில் நின்ற ஒருவர், எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் எனக்கு நேரே வந்தபோது நான் செருப்பு வாரைச் சரிசெய்வதைப்போலக் குனிந்துவிட்டேன். யோசித்துச் செய்த செயல் அல்ல. உடம்பு தானாகவே குனிந்தது. அந்த அம்மா அதைக் கவனித்தார். "தம்பி, நீங்கள் பயப்பிடாதையுங்கோ. உங்களுக்கு ஒண்டும் செய்யமாட்டினம். அவங்கள் எடுக்கிறது எங்கடை படத்தைத்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

முப்பது ஆண்டுகளாக ஜெனிவாவில் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். இறுதிப்போர் நடந்த 2009இல் வேலையை விட்டுவிட்டு அங்கே நின்றேன். மாவீரர் நாளுக்கும் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18க்கும் தவறியதில்லை. கேட்டபோதெல்லாம் காசும் கொடுத்தேன். அங்கே உரத்துப் பேசிய நான் இங்கே ஒரு தொலைபேசியின் முன் குனிந்தேன். அப்படியானால் நான் அங்கே எழுப்பிய குரல் யாருடைய குரல்? விளைவுகளைச் சுமக்காத ஒருவனுக்குப் போராட்டத்தின் திசையைப் பற்றிப் பேச உரிமை இருக்கிறதா? உரிமை இல்லையென்றால், பொறுப்பு மட்டும் எப்படி இருக்க முடியும்? தயவுசெய்து மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுங்கள்.

வடமராட்சி ஆசிரியர் எழுதுகிறார்:

தம்பி, நீங்கள் குனிந்ததைப் பெருங்குற்றமாக எடுக்கவேண்டாம். தற்காலிக ஏற்பாடு என்று 1979இல் கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த எவருடைய முதுகுக்கும் அந்தக் குனிவு தெரியும். நான் முப்பத்தாறு ஆண்டுகள் படிப்பித்தவன், வகுப்பறையிலேயே குனிந்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் படித்த மாணவர்கள் சிலர் ஒரு நினைவேந்தலை ஒழுங்குசெய்தார்கள். கடற்கரையில் விளக்கேற்றுவது, கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது, அவ்வளவுதான் அவர்களுடைய எண்ணம். வெளிநாட்டிலுள்ள ஓர் அமைப்பு அவர்களுக்குப் பணம் அனுப்பியது. பணத்துடன் பதாகையில் எழுதவேண்டிய வாசகமும் வந்தது. மாலைக்குள் படங்கள் தங்களிடம் வந்து சேரவேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. பிள்ளைகள் தயங்கினார்கள், ஆனால் காசைக் கையில் வாங்கிவிட்டதால் மறுக்க வழியில்லாமல் அந்த வாசகத்தையே எழுதினார்கள். படம் உலகமெல்லாம் போனது. அடுத்த மாதம், பணத்தைத் தன் வங்கிக் கணக்கில் பெற்ற மாணவனுக்கு விசாரணைக்கு வரும்படி அழைப்பு வந்தது. மூன்று முறை கொழும்புக்குப் போய்வந்தான். பஸ் காசு, தங்குமிடம், சட்டத்தரணிக்குக் கொடுக்கவேண்டியது எல்லாவற்றுக்குமாக அவனுடைய தாய் சங்கிலியை அடைவு வைத்தார். நான் அந்த அமைப்பினருடன் தொடர்புகொண்டபோது, நிருவாகம் மாறிவிட்டது, பழைய விடயங்கள் தங்களுக்குத் தெரியாது என்று சொன்னார்கள். அவன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். எந்த நினைவேந்தலுக்கும் அவன் இனி வரமாட்டான்.

ஆகவே என் கருத்து இதுதான்: எதைச் செய்வது, எப்போது செய்வது, எந்தச் சொல்லைப் பதாகையில் எழுதுவது என்ற முடிவை, அதன் விளைவை உடம்பில் தாங்கப்போகிறவர்களே எடுக்கவேண்டும். 2017ஆம் ஆண்டு சனவரி இறுதியில் கேப்பாபிலவில் பிலவுக்குடியிருப்பு மக்கள், தங்கள் காணியை வைத்திருந்த விமானப்படை முகாமின் வாசலில் குந்தியபோது, அவர்களுக்கு யாரும் திட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் பனியிலும் வெயிலிலும் வீதியோரத்தில் படுத்தார்கள். மார்ச் முதலாம் நாள் காணிக்குள் போனார்கள். 1992இல் வெளியேற்றப்பட்ட இரணைதீவு மக்கள் 2018 ஏப்பிரலில் தங்கள் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் தீவில் போய் இறங்கினார்கள். கடலும் காணியும் யாருக்குச் சொந்தமோ, எந்த நாளில் வள்ளத்தைத் தள்ளுவது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வெளியில் இருந்தவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்; அது மிகப் பயனுள்ளதாக இருந்தது. முன்னால் வந்திருந்தால் அந்த வள்ளங்கள் கரையைவிட்டுப் போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போனபோது, புலம்பெயர்ந்தோரிடமிருந்து வந்த சொற்கள் என்னைப் புண்படுத்தின. சோரம் போனவர்கள், விலைபோனவர்கள் என்றெல்லாம் எழுதினார்கள். நான் அந்தக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. ஆனால் என் ஒழுங்கையில் வாக்களித்தவர்களை எனக்குத் தெரியும். தமிழ்க் கட்சிகள் தங்களுக்குள் துண்டுதுண்டாகி நின்றதைப் பார்த்து மனம் வெறுத்தவர்கள் அவர்கள். தையிட்டிக்கும் போகிறவர்கள், மனிதப் புதைகுழி இருக்கும் செம்மணியிலும் விளக்கேற்றியவர்கள். அவர்களிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஸ்காபரோ மகள் எழுதுகிறார்:

ஐயாவுக்கு வணக்கம். நான் கனடாவில் பிறந்தவள். தமிழை வார இறுதிப் பள்ளியிலும் அம்மம்மாவிடமும் கற்றேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன மாணவனின் கதையை வாசித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியாமல் இருந்தேன். அந்தக் கடனை அந்த அமைப்பு திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். இருந்தாலும் உங்கள் முடிவுடன் நான் முழுமையாக உடன்படவில்லை.

2009 மே 10, இங்கே அன்னையர் நாள். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ரொறொன்ரோவின் கார்டினர் அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறும் பாதையில் நடந்தார். என் முன்னால் குழந்தை வண்டிகளுடன் தாய்மார் நடந்தார்கள். கீழே வாகனங்கள் மைல்கணக்கில் நின்றன. அவற்றின் ஒலிப்பான் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. அடுத்த நாள் என் ஆசிரியர் வகுப்பில் எங்களைப் பற்றிக் கோபமாகப் பேசினார். அன்று போரின் முற்றுகைக்குள் முள்ளிவாய்க்காலில் இருந்தவர்களால் உலகத்துடன் பேச முடியவில்லை. அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் நாங்கள் வீதியில் ஏறியிருக்கவேண்டுமா? பேச முடியாதவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்றோ வேண்டாம் என்றோ பொருள்கொள்ள முடியாது. அந்த வாசகத்தைப் பதாகையில் எழுத உங்கள் மாணவர்கள் அது பொய்யானது என்பதற்காகத் தயங்கவில்லை; ஆபத்தானது என்பதற்காகத் தயங்கினார்கள். ஆபத்து இல்லாத இடத்தில் வாழும் நான் அதைச் சொல்லாமல் விட்டால், அது எங்குமே சொல்லப்படாமல் போய்விடும்.

2021 சனவரி 8ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். உங்கள் மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாள்களில் மீண்டும் அடிக்கல் நடப்பட்டது, ஏப்பிரலில் தூபி மீண்டும் எழுந்தது. அதே சனவரியில் இங்கே கனடாவில் பிரம்டன் மாநகரசபை தன் நகரில் ஒரு நினைவுத்தூபி அமைக்கத் தீர்மானித்தது. அது 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டபோது இலங்கை அரசு வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. கனடிய நாடாளுமன்றம் 2022 மே 18 அன்று அந்த நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏகமனதாக ஏற்றுக்கொண்டதும் தானாக நடந்ததல்ல. ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்திலும் போய்க் குந்தியிருந்தவர்கள் எங்கள் அக்காமார், அண்ணாமார். எனக்கு இலங்கையில் வாக்கு இல்லை. 2022இல் நிறைவேறிய 21ஆம் திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்துக்கும் போகமுடியாது. எனக்கு வாக்கு இருக்கும் இடம் இந்த நாடு. ஆகவே என் பொறுப்பு, இந்த நாடு உங்களுக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பது. அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் நான் கேட்பது உங்களுக்கு உதவுகிறதா, இடைஞ்சலாக இருக்கிறதா என்று நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும் என்று ஏங்குகிறேன். இங்கே எங்களுக்கு அதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

வடமராட்சி ஆசிரியர் எழுதுகிறார்:

மகள், உங்கள் தமிழில் எந்தப் பிழையும் இல்லை. நான் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. இந்த மண்ணில் நடக்கும் ஒரு செயலின் முடிவையும், உங்கள் மண்ணில் நீங்கள் உங்கள் அரசிடம் பேசுவதையும் நான் ஒன்றாகக் கலந்துவிட்டேன். இரண்டாவதற்கு எங்கள் கையொப்பம் தேவையில்லை. 2025 மார்ச்சில் பிரித்தானியா, முன்னாள் படைத்தளபதிகளான சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, முன்னாள் புலித் தளபதி கருணா ஆகிய நால்வர்மீது போர்க்கால மனித உரிமை மீறல்களுக்காகத் தடை விதித்த செய்தி வந்த அன்று, எங்கள் வாசிகசாலையில் பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். அது இங்கிருந்து செய்திருக்கக்கூடிய வேலை அல்ல.

கொக்குவில் தங்கை எழுதுகிறார்:

இதுவரை எழுதிய மூவரும் குரலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அதைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன்.

என் அண்ணன் 1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வேலை முடிந்து சைக்கிளில் வந்தவர், வீட்டுக்கு வரவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள்தான் கிருஷாந்தி குமாரசுவாமி பரீட்சை எழுதிவிட்டு வரும் வழியில் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அந்த வழக்கில் 1998 யூலையில் மரணதண்டனை விதிக்கப்பட்ட இராணுவத்தினரில் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டினார்கள், 15 உடல்கள் கிடைத்தன, அத்துடன் மூடிவிட்டார்கள். 2025 பெப்ரவரியில், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எரிகொட்டகைக்காகக் குழி வெட்டியவர்களுக்கு எலும்பு தட்டுப்பட்டது. அந்த ஆண்டில் அங்கே அடையாளம் காணப்பட்ட எலும்புக்கூட்டுத் தொகுதிகள் 200ஐத் தாண்டின.

2025 ஓகஸ்ட் 5ஆம் நாள், குழிகளிலிருந்து எடுத்த பொருள்களைப் பொதுமக்கள் பார்த்து அடையாளம் காட்டலாம் என்று நீதிமன்ற உத்தரவுடன் காட்சிக்கு வைத்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். அண்ணனின் இடது செருப்பின் வார் அறுந்தபோது அம்மா அதைக் கோணி ஊசியால் நீல நூல் போட்டுத் தைத்துக் கொடுத்திருந்தார். இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்த நீல நூல்தான் எனக்கு அண்ணனின் அடையாளம். நான் செருப்புகளை மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்துகொண்டு போனேன். ஆனால் ஒரு குழந்தையின் எலும்புகளுடன் எடுக்கப்பட்ட நீல நிறப் புத்தகப்பையைக் கடந்து என் கால்கள் போக மறுத்துவிட்டன. நீல நூல் கிடைக்கவில்லை.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அன்று அண்ணனுடன் சைக்கிளில் கூட வந்த நண்பர் ஒருவர் இருந்தார். அவரை விட்டுவிட்டார்கள். அவர் சில மாதங்களில் நாட்டை விட்டுப் போய், ஐரோப்பிய நாடொன்றில் அகதித் தஞ்சம் கேட்டார். தஞ்சம் கேட்பவர் நடந்ததைச் சொல்லவேண்டும். அவர் சொன்னார்: எந்தச் சோதனைச்சாவடி, எத்தனை மணி, என் அண்ணனை எந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள், மறித்தவரை மற்றவர்கள் எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கிறது. அவருக்கு வதிவிட உரிமை கிடைத்தது. அதே காலத்தில் இங்கே என் அம்மா, ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆணைக்குழுக்களின் முன்னால் போய் உட்கார்ந்தார். 2013இல் அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழுவிடம் போனார். காணாமற்போனோர் அலுவலகம் வந்தபோது அங்கும் போனார். கண்ட சாட்சி இருக்கிறதா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டார்கள். அம்மா இல்லை என்று சொன்னார். சாட்சி இருந்தார், அவர் ஒரு குளிர்நாட்டில், தம்முடைய பிள்ளைகளுக்கே அந்தக் கதையைச் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். அம்மா 2021இல் இறந்துவிட்டார்.

நான் அந்த அண்ணாவைக் குறைகூறவில்லை. அவருடைய தாய் அப்போது இங்கே இருந்தார். அவர் பேசியிருந்தால் அந்தத் தாய்க்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாயும் இப்போது இல்லை. தடுத்துவைத்திருந்த காரணம் போய்விட்டது. மௌனம் மட்டும் பழக்கமாகத் தங்கிவிட்டது. இப்படி எத்தனை ஆயிரம் கோப்புகள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அலுமாரிகளில் இருக்கக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் இனத்துக்கு நேர்ந்தவற்றின் மிக விரிவான வாக்குமூலங்கள் அங்கேதான் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன். அவை ஒவ்வொருவரின் வதிவிட உரிமைக்காக ஒருமுறை பயன்பட்டுவிட்டு அப்படியே உறங்குகின்றன. இலங்கை அரசு தானே இணை அனுசரணை வழங்கிய, பொறுப்புக்கூறல் பற்றிய 2015இன் 30/1 தீர்மானத்திலிருந்து 2020இல் விலகிய பின்னர், ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021இல் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி, சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறிமுறை ஒன்று ஜெனிவாவில் மனித உரிமை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் இயங்குகிறது. மாவிட்டபுரத்து அண்ணா, நீங்கள் முப்பது ஆண்டுகள் அந்தக் கட்டடத்தின் வெளியே நின்றிருக்கிறீர்கள். உங்களிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்தால், தயவுசெய்து ஒருமுறை உள்ளே போங்கள்.

செம்மணிக்கும் இதையே சொல்கிறேன். எலும்பை யாருடையது என்று அறிய மரபணு ஒப்பீடு செய்யவேண்டுமானால் இரத்த உறவினர் வேண்டும். தாய் தகப்பன் இறந்துவிட்டார்கள். உடன்பிறந்தவர்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். யார் எங்கே இருக்கிறார்கள், எந்த உறவு, அவரிடம் இருக்கும் கடைசிப் படம் எது, பல்லில் அடையாளம் இருந்ததா, கை எப்போதாவது முறிந்ததா என்பதை ஒவ்வொரு குடும்பமும் இப்போதே எழுதிவைத்தால், அந்த நாள் வரும்போது எங்களிடம் கொடுப்பதற்கு ஏதாவது இருக்கும். என் அக்கா ரொறொன்ரோவில் இருக்கிறார். அண்ணனின் கடைவாய்ப்பல் ஒன்று பிடுங்கப்பட்டதை நான் மறந்தே போயிருந்தேன். சென்ற மாதம் தொலைபேசியில் அவர்தான் நினைவுபடுத்தினார்.

நல்லூர்ச் சட்டத்தரணியின் எழுதுவினைஞர் எழுதுகிறார்:

தங்கை எழுதியதற்குப் பிறகு காணியைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் மாவிட்டபுரத்தான் தையிட்டி அம்மாவின் உறுதியைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்லியாகவேண்டும்.

2025 மார்ச் 28ஆம் நாள் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. வடமாகாணத்தில் 5,941 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்பது அதன் சாரம். அதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்தில். உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டு யூன் இறுதியில் இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் அந்த மூன்று மாதங்கள் எங்கள் அலுவலகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்கமாட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அவுஸ்திரேலியாவிலிருந்தும் இரவு பதினொரு மணிக்கு நோர்வேயிலிருந்தும் அழைப்பு வந்தது. உறுதி எங்கே என்று கேட்டால், ஆச்சியின் றங்குப் பெட்டியில் இருந்தது, 1995 இடப்பெயர்வில் போய்விட்டது என்பார்கள். காணி யார் பெயரில் என்று கேட்டால், இறந்துபோன பாட்டனின் பெயர் வரும். அதற்குப் பின் மூன்று தலைமுறை, பதினேழு உரித்தாளிகள், ஆறு நாடுகள், அவர்களில் இருவர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. எல்லைக் கதியால் கூட இல்லாத காணிக்கு எப்படி மூன்று மாதத்தில் உரிமை காட்டுவது?

புலம்பெயர்ந்தவர்கள் நிலம் பறிபோகிறது என்று ஊர்வலம் போகிறார்கள், போகவேண்டும். ஆனால் தன் பங்குக் காணியை அறுபது ஆண்டுகளாகப் பாட்டனின் பெயரிலேயே விட்டுவைத்திருப்பவரும் அந்தப் பறிப்புக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறார் என்பதை நான் தினமும் மேசையில் பார்க்கிறேன். செய்யவேண்டியது பெரிய வேலை அல்ல. காணிப் பதிவகத்தில் பழைய உறுதியின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள். பரம்பரையை எழுதுங்கள். வரமுடியாதவர்கள் தங்கள் நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் கையொப்பத்தைச் சான்றுப்படுத்தி, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு, உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் கொடுங்கள். அதை இங்கே பதிவுசெய்யவேண்டும். சகோதரங்கள் கோபதாபத்தை விட்டுப் பங்குபிரியுங்கள். பிறகு காணியை வெறுமையாக விடாமல், நிலமில்லாத ஓர் அயலவருக்கு எழுத்துமூலம் குத்தகைக்காவது கொடுங்கள். பற்றை மண்டிக் கிடக்கும் வளவுக்குத்தான் முதலில் அறிவித்தல் பலகை வருகிறது.

மாவிட்டபுரத்தான் எழுதுகிறார்:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள்களாகப் பதில் எழுதவில்லை. காரணம், வீட்டில் இருக்கவில்லை.

கொக்குவில் தங்கைக்கு: என்னிடம் சொல்வதற்கு இருக்கிறது. 1990இல் நாங்கள் மாவிட்டபுரத்திலிருந்து ஓடிய வழியில், என் கண்ணுக்கு முன்னால் இருவர் பிடிக்கப்பட்டார்கள். ஒருவரின் பெயரும் தகப்பனின் பெயரும் எனக்குத் தெரியும். இதை நான் 1993இல் சூரிச்சில் ஓர் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் அழுததுகூட நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எவரிடமும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்திடமும் சொல்லவில்லை. நேற்று அவர்களைத் தேடிப் போனேன். அவருடைய தங்கை ஏழாலையில் இருக்கிறார். நான் பேசத் தொடங்கியதும் அவர் எழுந்துபோய் உள்ளே இருந்த மகனைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்திவிட்டு, முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார். நான் சொன்னதை அந்தப் பிள்ளை கொப்பியில் எழுதினான். திரும்பிப் போனதும் சூரிச்சில் என் கோப்பின் பிரதியைக் கேட்பேன். அந்தக் குடும்பம் விரும்பினால் மட்டும், அவர்களுடைய பெயரை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்கள் சொல்கிறபடி, ஜெனிவாவில் கொடுப்பேன்.

ஆசிரியருக்கு: அந்த மாணவனின் தாய் சங்கிலியை மீட்டுவிட்டாரா என்று அறிய விரும்புகிறேன். இல்லையென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இதில் வாசகமும் இல்லை, படமும் தேவையில்லை.

ஸ்காபரோ மகளுக்கு: உங்களைப்போல எனக்கும் வாக்கு இருப்பது நான் வாழும் நாட்டில்தான். அதை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட இந்த விடயத்துக்காகப் பயன்படுத்தியதில்லை. என் மாநில உறுப்பினரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் ஓர் அலுவலகத்துக்குப் போகும்போது முதலில் என்ன சொல்வீர்கள், எந்தத் தாளை மேசையில் வைப்பீர்கள் என்று எனக்கு எழுதுவீர்களா?

எழுதுவினைஞருக்கு ஒரு கேள்வி. வீட்டுக் காணி விடுவிக்கப்பட்டுவிட்டது. கிணற்றைத் தவிர அங்கே எதுவும் எஞ்சவில்லை. தோட்டக் காணி பதினெட்டுப் பரப்பு, இன்னும் படையினரின் வேலிக்கு உள்ளே இருக்கிறது. அது பெரியப்பாவின் பெயரிலும் என் அப்பாவின் பெயரிலும் கூட்டாக எழுதப்பட்டது. இருவரும் இறந்துவிட்டார்கள். பெரியப்பாவின் மகள் பாரிசில் இருக்கிறார். பெரியப்பாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை என்பதால் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக என்னுடன் பேசுவதில்லை. நேற்றிரவு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் வைத்துவிட்டார். பிறகு அவரே எடுத்தார். உறுதியின் மூலப்பிரதி தன்னிடம் இருக்கிறதாம். பெரியப்பா முகாமில் தலையணைக்குக் கீழே வைத்திருந்ததாம். உள்ளே போய் அளக்க முடியாத காணிக்கு, பழைய நில அளவைப் படத்தை வைத்துப் பங்கு எழுத முடியுமா? அவர் கையொப்பமிடச் சம்மதித்திருக்கிறார். என் பயணத்தை அடுத்த பௌர்ணமி கழியும்வரை தள்ளிப்போட்டிருக்கிறேன். அதற்குள் எதைத் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

நல்லூர்ச் சட்டத்தரணியின் எழுதுவினைஞர் எழுதுகிறார்:

நில அளவைப் படமும் அதன் இலக்கமும் இருந்தால் வழி பார்க்கலாம். வேலிக்கு உள்ளே இருந்தாலும் காணி உங்களுடையதுதான். பதிவு அதைத்தான் சொல்லும். பாரிசில் இருப்பவரை முதலில் உறுதியின் எல்லாப் பக்கங்களையும், பின்பக்கத்தில் உள்ள முத்திரைகளையும் சேர்த்து, தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலப்பிரதியைத் தபாலில் போடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். தையிட்டி அம்மாவை அடுத்த பௌர்ணமிக்குச் சந்தித்தால், பாதி அழிந்த அந்தப் பிரதியை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உறுதி இலக்கம் ஓர் இடத்திலாவது தெரிந்தால் பதிவகத்தில் புதிய பிரதி எடுக்கலாம். அதற்கு அவர் காசு தரவேண்டியதில்லை.